குரியனை ஆனந்தில் நிறுத்திய திரிபுவன்தாஸ் படேல்

'அமுல்' என்றதும் வர்கீஸ் குரியனின் பெயர்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். குரியன் ஆனந்துக்கு வருவதற்கு முன்பே கிராமம் கிராமமாகச் சென்று பால் உற்பத்தியாளர்களை ஒன்று சேர்த்தவர் திரிபுவன்தாஸ் படேல்.

குஜராத்தின் கேடா மாவட்டம் ஆனந்தில் 1903 அக்டோபர் 22 அன்று பிறந்தார். காந்தியடிகளின் வழியில் நின்று, 1930இல் உப்புச் சத்தியாகிரகத்தில் சிறை சென்றார்.

கேடா மாவட்டச் சிறு விவசாயிகளின் வீடுகளில் ஒன்றிரண்டு எருமைகள் இருக்கும். பயிரில் பணம் வர அறுவடை வரை காத்திருக்க வேண்டும். பால் அன்றாடம் காசு தரும். ஆனால், கறந்த சில மணி நேரத்தில் விற்றாக வேண்டும். விற்பவரின் இந்த அவசரம்தான் வாங்குபவரின் பலம். 1945இல் பம்பாய்க்குப் பால் அனுப்பும் அரசுத் திட்டம் வந்தபோது, ஆனந்தில் கொள்முதல் உரிமை போல்சன் நிறுவனத்துக்குப் போனது. விவசாயிக்குக் கிடைத்ததோ இடைத்தரகர் வைத்த விலைதான்.

விவசாயிகள் சர்தார் வல்லபபாய் படேலிடம் முறையிட்டனர். சொந்தமாகக் கூட்டுறவுச் சங்கம் அமைக்கும்படி அவர் அறிவுறுத்தி, மொரார்ஜி தேசாயை அனுப்பிவைத்தார். 1946 ஜனவரியில் சமர்கா கிராமத்தில் கூடிய விவசாயிகள், ஊருக்கு ஒரு சங்கம் அமைக்க முடிவு செய்தனர். அரசு இணங்காததால் 15 நாள் பால் தர மறுத்தனர். வருமானத்தை இழந்தும் உறுதியாக நின்றனர். அரசு இறங்கி வந்தது. 1946 டிசம்பர் 14 அன்று கேடா மாவட்ட ஒன்றியம் பதிவானது. திரிபுவன்தாஸ் அதன் தலைவரானார். 1948இல் இரண்டு கிராமச் சங்கங்கள், நாளொன்றுக்குச் சுமார் 250 லிட்டர் பாலுடன் பணி தொடங்கியது.

சங்கத்தின் விதிகள் எளியவை. பத்து எருமை வைத்திருப்பவருக்கும் ஒரே எருமை வைத்திருப்பவருக்கும் ஒரு வாக்குதான். பாலை அளந்து, கொழுப்பைச் சோதித்து விலை தந்தனர். பசும்பாலில் சுமார் 4 சதவீதமாக உள்ள கொழுப்பு, எருமைப் பாலில் சுமார் 7 சதவீதம். ஆகவே எருமை வளர்ப்போருக்கு நியாயமான விலை கிடைத்தது.

குளிர்காலத்தில் எருமைகள் அதிகம் கறக்கும். அப்போது உபரிப் பாலுக்கு விலை இருக்காது. அதற்குத் தொழில்நுட்பம் தேவைப்பட்டது. 1949இல் ஆனந்துக்கு வந்த இளம் பொறியாளர் குரியன் கிளம்ப நினைத்தபோது, அவரைத் தடுத்து நிறுத்தியவர் திரிபுவன்தாஸ். தலாயாவின் தொழில்நுட்பத் திறமையும் சேர்ந்தது. எருமைப் பாலிலிருந்து பவுடர் தயாரிக்கும் ஆலையை 1955இல் நேரு திறந்து வைத்தார். குளிர்காலப் பாலுக்கும் வழி பிறந்தது.

1963இல் குரியன், தாரா குரோடி ஆகியோருடன் இவருக்கும் மகசேசே விருது கிடைத்தது. 1970களின் தொடக்கத்தில் தலைவர் பதவியிலிருந்து தாமாகவே விலகினார். அப்போது உறுப்பினர்கள் ஆளுக்கு ஒரு ரூபாய் போட்டு 6 லட்சம் ரூபாய் கொடுத்தனர். அதைத் தமக்கென வைத்துக்கொள்ளாமல், கிராமத் தாய்மார்கள், குழந்தைகளின் நலனுக்காக அறக்கட்டளை தொடங்கினார். 1994 ஜூன் 3 அன்று மறைந்தார்.

கிராமச் சங்கம், மாவட்ட ஒன்றியம், மாநில இணையம் என்ற ஆவினின் அமைப்பும் ஆனந்த் முறையைப் பின்பற்றியதே. பால் ஊற்றும்போது அளவையும் கொழுப்பு, இதர சத்துக் கணக்கையும் கேட்டுப் பெறுங்கள். பொதுக்குழுக் கூட்டத்துக்குத் தவறாமல் செல்லுங்கள். உறுப்பினர் கேள்வி கேட்கும் வரைதான் சங்கம் உறுப்பினருடையது.