பேரறிஞர் பேர்னெற்

1918ஆம் ஆண்டிற் பரவத் தொடங்கிய இன்புளுவென்சாக் காய்ச்சல் உலகெங்கும் கோடிக்கணக்கான உயிர்களைக் கொள்ளைகொண்டது. இலங்கையில் அதனால் நேர்ந்த மக்கட்டொகை இழப்பு மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டதெனப் பிற்கால ஆய்வாளர் கணித்துள்ளனர். எல்ல, பதுளை முதலாய மலைச்சரிவுகளில், சிறு அறைக்குள் ஒரு குடும்பமென லயங்களில் நெருங்கி வாழ்ந்த எம்மக்களுக்குத் தொற்றுநோயின் வரலாறு பிறர் கதையன்று. ஆதலின், அந்நோயின் இயல்பை ஆராய்ந்த சேர் மக்பார்லேன் பேர்னெற்றின் வாழ்க்கையை ஈண்டுச் சுருங்க வரைகின்றோம்.

அவுஸ்திரேலியாவின் விக்ரோறியா மாநிலத்தில் 1899 செப்ரெம்பர் 3இற் பிறந்தார் பேர்னெற். இளமையில் வண்டினங்களைச் சேகரிப்பதில் இன்பங் கண்டார். பெருங்காய்ச்சல் பரவிய காலத்தில் அவர் மெல்பேண் பல்கலைக்கழக மாணவர். 1922இல் மருத்துவப் பட்டம் பெற்றார். அந்நாளில் நோய்க்குக் காரணம் ஒரு பற்றீரியா என்றே பலர் நம்பினர். 1933இல் சிமித், அன்றூசு, லெயிட்லோ என்னும் மூவர் இலண்டனில் அதனை ஒரு வைரசெனக் காட்டினர். அதே ஆராய்ச்சி நிலையத்தில் அப்போது பேர்னெற்றும் பணியாற்றினார்.

வைரசு உயிருள்ள கலத்துள்ளன்றிப் பெருகாது. அம்மூவர் பயன்படுத்திய பெரற் என்னும் கீரியை ஒத்த விலங்கோ எளிதிற் கிடைப்பதன்று. தாயகம் மீண்ட பேர்னெற் கோழி முட்டையை நாடினார். கருக்கொண்ட முட்டையின் ஓட்டிற் சிறு துளையிட்டு வைரசைச் செலுத்தி, அது பெருகுமாறு செய்தார். நோயாளியின் தொண்டை கழுவிய நீரிலிருந்தே வைரசை முட்டையில் வளர்க்கலாமென 1940இற் காட்டினார். இன்றும் உலகின் இன்புளுவென்சாத் தடுப்பு மருந்துகளிற் பெரும்பாலானவை முட்டையிலேயே ஆக்கப்படுகின்றன.

எல்லா முயற்சியும் அவருக்குக் கைகூடவில்லை. போர்க்காலத்தில் படைவீரரிடையே சோதித்த உயிருள்ள தடுப்பு மருந்து எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. எனினும் அவர் ஆய்வைக் கைவிட்டாரல்லர். இருவகை வைரசுகள் ஒரே கலத்துட் புகுந்தால், இரண்டின் இயல்புகளும் கலந்த புதுவகை தோன்றுமென 1951ஆம் ஆண்டளவில் நிறுவினார். இன்புளுவென்சா வைரசின் மரபுப் பொருள் எட்டுத் துண்டுகளாயுள்ளமை பின்னர் தெளிவாயிற்று. இரு மாலைகளின் மலர்களை மாற்றித் தொடுக்கப் புதுமாலை பிறத்தல் போல, அத்துண்டுகள் இடம் மாறப் புது வைரசு பிறக்கின்றது. 1957, 1968ஆம் ஆண்டுகளின் பெருந்தொற்றுகள், மனித வைரசும் பறவை வைரசும் இவ்வாறு கலந்தமையால் விளைந்தவை. 1957 மே மாதத்தில் சிங்கப்பூரிலிருந்து வந்த கப்பலோடு அந்நோய் சென்னையை அடைந்தது. புதிய புறப்புரதங்களைப் பழைய நோயெதிர்ப்பு இனங்காணாமையே அதன் விரைவுக்குக் காரணம்.

1944 முதல் 1965 வரை மெல்பேண் ஹோல் நிறுவனத்தின் இயக்குநராய் விளங்கிய அவருக்கு, 1960இல் நோபெல் பரிசு கிடைத்தது. அது நோயெதிர்ப்புப் பற்றிய வேறோர் ஆய்வின் பொருட்டு மெடவருடன் பகிர்ந்துகொண்டதாகும். 1985 ஓகஸ்ற் 31இல் அவர் மறைந்தார்.

பெருங் கருவிகள் இல்லையே எனச் சோரும் மாணவர், அவர் கையிலிருந்த முட்டையை நினைவிற் கொள்வாராக. எளிய பொருளும் கூர்த்த நோக்கும் இயைந்தவிடத்து, உலகைக் காக்கும் அறிவு பிறந்தது.