பூட்டுப் பட்டறையிலிருந்து வந்த இமாம்

சிறு வயதிலேயே படிப்பை விட்டுவிட்டுக் கடையில் ஏறியவர்கள் நம்மில் அநேகர். கொள்முதலும் கணக்கும் கைவந்து, வயதும் முப்பதைத் தாண்டிவிட்டால், இனி ஓதுவதற்கும் படிப்பதற்கும் காலம் கடந்துவிட்டதென்று நமக்கு நாமே தீர்ப்புச் சொல்லிக் கொள்கிறோம். அப்படித் தீர்ப்புச் சொல்லிக் கொள்ளாத ஒரு தொழிலாளியின் சரித்திரத்தை இங்கே தருகிறோம். நம்முடைய ஷாபியீ மத்ஹபின் சட்டங்கள் நம்மிடம் வந்து சேர்ந்த சங்கிலியில் அன்னாரும் ஒரு கண்ணியாவார்.

அவர் பெயர் அபூபக்ர் அப்துல்லாஹ் இப்னு அஹ்மத். ஹிஜ்ரி 327-ல் பிறந்தவர். ஊர், குராசானிலுள்ள மர்வு. இன்று துருக்மெனிஸ்தானில் இடிபாடுகளாகக் கிடக்கும் அவ்வூர், அன்று ஒட்டக வணிகக் கூட்டங்கள் வந்து தங்கிய பெருநகரம். சரக்குக் குவியும் ஊரில் பூட்டுக்குக் கிராக்கி உண்டென்பதை வியாபாரிகளுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அப்துல்லாஹ் பூட்டுச் செய்பவர். அதில் மகா கெட்டிக்காரர். கப்பால் என்ற அரபுச் சொல்லுக்குப் பூட்டுக்காரர் என்பதே பொருள். (ஹிஜ்ரி 365-ல் காலமான ஷாஷ் நாட்டு இமாம் ஒருவருக்கும் இதே பெயருண்டு. அவரைப் பெரிய கப்பால் என்றும், மர்வு நாட்டவரைச் சின்னக் கப்பால் என்றும் சொல்வார்கள்.)

அவர் தொழிலை விட்ட கதையை யாகூத் என்ற ஆசிரியர் எழுதி வைத்திருக்கிறார். இந்த யாகூதும் நமக்கு அந்நியரல்லர். பாக்தாது வியாபாரி ஒருவர் அடிமையாக வாங்கி, கடைக் கணக்கெழுதுவதற்காகவே படிக்க வைத்த பிள்ளை. பிற்காலத்தில் உலகறிந்த பூகோள நூலாசிரியரானார். அவர் சொல்வது இது. ஷாஷ் நாட்டார் ஒருவர் சாவியோடு சேர்த்து ஒரு தானிக் எடையில், அதாவது திர்ஹத்தில் ஆறிலொரு பங்கு எடையில், பூட்டொன்று செய்தார். ஜனங்கள் அதிசயித்தார்கள், பேர் எங்கும் பரவிற்று. அதைக் கேள்வியுற்ற நம் கப்பால் அதிலும் கால் பங்கு எடையில் ஒன்றைச் செய்து காட்டினார். பார்த்தவர்கள் நன்றாயிருக்கிறதென்றார்கள், அத்தோடு சரி. பேர் பரவவில்லை. எதற்கும் நசீபு வேண்டுமென்று அவர் ஒரு நண்பரிடம் குறைப்பட்டுக் கொள்ள, பேர் நிலைப்பது கல்வியாலேயன்றிப் பூட்டால் அல்லவென்று அந்த நண்பர் சொல்லிவிட்டார். அந்தச் சொல் தைத்துவிட்டது. அப்போது வயது முப்பது என்பர் சிலர். நாற்பது என்பாரும் உளர்.

மர்விலிருந்த ஓர் உஸ்தாதிடம் போய்ச் சேர்ந்தார். இமாம் ஷாபியீ அவர்களின் மாணவரான முஸனீ எழுதிய சுருக்க நூலின் தொடக்கத்திலிருந்து மூன்றே மூன்று சொற்களை அவர் பாடமாகக் கொடுத்தார். கப்பால் வீட்டு மாடியில் ஏறி, இஷா நேரம் முதல் விடியும் வரை அம்மூன்று சொற்களையே திருப்பித் திருப்பிச் சொன்னார். விடியற்காலையில் கண் அயர்ந்தது. விழித்தபோது மூன்றும் மறந்து போயின! உஸ்தாதின் முகத்தில் எப்படி விழிப்பதென்று கலங்கிக் கொண்டு வெளியே வந்தார். அண்டை வீட்டுப் பெண்மணி, இரவு முழுவதும் இதையே சொல்லி எங்கள் தூக்கத்தைக் கெடுத்தீரேயென்று அந்த மூன்று சொற்களையும் சொல்லிக் கடிந்து கொண்டார். மறந்த பாடம் அவருடைய வாயிலிருந்தே திரும்பக் கிடைத்தது.

நடந்ததை ஒளிக்காமல் உஸ்தாதிடம் சொன்னார். உஸ்தாது சிரிக்கவுமில்லை, பட்டறைக்கே போ என்று விரட்டவுமில்லை. இதற்காகப் படிப்பை நிறுத்த வேண்டாம், விடாமல் மனனம் செய்துவந்தால் அதுவே பழக்கமாகிவிடும் என்று தைரியம் சொன்னார். மாணவரின் பிரயாசைக்கு எவ்விதத்திலும் குறைந்ததல்ல இந்த ஆசிரியரின் பொறுமை என்பது நம் அபிப்பிராயம். பெரியவர்களுக்கு இரவு வகுப்பு நடத்துகிறவர்கள் இந்த இடத்தை இரண்டு முறை படிக்கலாம். கையில் அத்தனை பெரிய வித்தையை வைத்திருந்தவர், மூன்று சொல்லுக்குத் தடுமாறும் புது மாணவராய் நிற்பது சாமானியமான விஷயமா? ஊரில் மதிப்போடு கடை நடத்தும் ஒருவர் அரிச்சுவடியைக் கையிலெடுத்துப் பார்த்தால்தான் அந்தக் கூச்சம் தெரியும்.

பிறகு மர்வின் பேரறிஞர் அபூஸைத் அவர்களிடம் பிக்ஹுக் கல்வியில் தேறினார். அபூஸைத் ஹிஜ்ரி 371-ல் காலமானவர். ஸஹீஹுல் புகாரியை, இமாம் புகாரியின் மாணவர் பிரப்ரீயிடம் நேரில் கேட்டு அறிவித்தவர். கப்பால் குராசான் நாட்டு ஷாபியீ அறிஞர்களுக்குத் தலைவராகவே உயர்ந்தார். அக்காலத்தில் ஷாபியீ சட்டக் கல்வி இராக் வழியென்றும் குராசான் வழியென்றும் இரண்டாய் நடந்தது. இராக் வழிக்கு பாக்தாதின் அபூஹாமித் இஸ்பராயினீ தலைவர். குராசான் வழிக்கு இந்தப் பூட்டுக்காரர். நாலா திசைகளிலிருந்தும் மாணவர் வந்தார்கள். காழீ ஹுஸைன், அபூ அலீ ஸின்ஜீ, அபூ முஹம்மத் ஜுவைனீ ஆகியோர் அவரிடம் ஓதியவர்களே. ஜுவைனீயின் மகனார் இமாமுல் ஹரமைன். அவருடைய மாணவர் நாமெல்லோரும் அறிந்த இமாம் கஸ்ஸாலீ. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் மலாய் நாட்டிலும் ஓதப்படும் ஷாபியீ கிதாபுகளில் கப்பால் என்ற பேர் இன்றும் வருகிறது. நினைத்தபடி பேர் நிலைத்துத்தான் விட்டது, ஆனால் பூட்டுக்காரர் என்ற பேராகவே!

ஹிஜ்ரி 417-ல், கிறிஸ்து ஆண்டு 1026-ல், தொண்ணூறு வயதில் காலமானார். ஒரு நாள் அவர் கையை நீட்டியபோது, புறங்கையில் தழும்புகள் இருக்கக் கண்டதாக ஜுவைனீ சொல்லியிருக்கிறார். அவை வாலிபத்தில் தாம் செய்த தொழிலின் அடையாளம் என்று இமாம் தம் மாணவருக்கு விளக்கினாராம்.