அவை விதிகளின் காவலர்

1929ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள். தில்லியின் வட்டவடிவ மன்றக் கட்டடத்தில் மைய சட்டப்பேரவை கூடியிருந்தது. தொழில் தகராறுச் சட்ட முன்வடிவின் மீதான வாக்கெடுப்பு முடிந்து, முடிவும் அறிவிக்கப்பட்டது. அடுத்து, பொதுப் பாதுகாப்புச் சட்ட முன்வடிவு குறித்த தம் தீர்ப்பை உரைக்கப் பேரவைத் தலைவர் எழுந்தார். அவ்வேளையில் பார்வையாளர் மாடத்திலிருந்து இரு குண்டுகள் விழுந்து வெடித்தன. பகத்சிங்கும் படுகேசுவர தத்தும் எறிந்த அக்குண்டுகளை நாடு மறக்கவில்லை. ஆனால், அன்று சொல்லப்படாமல் நின்ற தீர்ப்பையும் அதனைச் சொல்ல எழுந்த விட்டல்பாய் படேலையும் நினைப்பவர் சிலரே.

விட்டல்பாய் 1873இல் குசராத்தின் நடியாத்தில் பிறந்தவர். கரம்சத் என்னும் சிற்றூரில் வளர்ந்தவர். வல்லபாய் படேலின் தமையனார். இங்கிலாந்து சென்று சட்டம் பயில வல்லபாய் சிறுகச் சிறுகப் பொருள் சேர்த்திருந்தார். பயண ஆவணங்கள் வி. ஜே. படேல் என்ற பெயரில் வந்தன. இருவருக்கும் பெயரின் முதலெழுத்துகள் ஒன்றே. மூத்தவன் இருக்க இளையவன் முன்செல்வது முறையன்று எனத் தமையனார் கருத, தம்பி விட்டுக்கொடுத்தார். இவ்வாறு கடல் கடந்து பாரிஸ்டராகத் திரும்பிய விட்டல்பாய், பம்பாயில் வழக்கறிஞராகப் புகழ்பெற்றார்.

சட்டம் இயற்றுதலின் நுட்பத்தை அவர் முதலில் கற்றது பம்பாய்ச் சட்ட மன்றத்தில். அரசு சாராத உறுப்பினர் ஒருவர் கொணரும் சட்ட முன்வடிவு நிறைவேறுவது அக்காலத்தில் அரிது. நகராட்சிகள் தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்கிக்கொள்ள இடமளிக்கும் முன்வடிவைக் கொணர்ந்து, 1918இல் அதனைச் சட்டமாக்கிக் காட்டினார் அவர்.

ஒத்துழையாமை இயக்கம் தளர்ந்தபின், சித்தரஞ்சன் தாசும் மோதிலால் நேருவும் தோற்றுவித்த சுயராச்சியக் கட்சியில் விட்டல்பாய் இணைந்தார். மன்றங்களுக்குள் புகுந்து அயலாட்சியைத் தடுமாறச் செய்வதே அக்கட்சியின் நோக்கம். தம்பி வல்லபாயோ மன்ற நுழைவை ஏற்காத அணியில் நின்றார். மைய சட்டப்பேரவையின் முதல் தலைவர் அரசால் அமர்த்தப்பட்ட ஆங்கிலேயர். 1925 ஆகஸ்டில்தான் உறுப்பினர்களே தலைவரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு வந்தது. சென்னையைச் சேர்ந்த துணைத்தலைவர் டி. ரங்காச்சாரியாரை 58க்கு 56 என்ற வாக்குகளில் வென்று, அப்பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் இந்தியரானார் விட்டல்பாய். அவையை முடக்கப் புகுந்தவர் அவையின் காவலரானது வியப்பே. பதவியேற்றதும் கட்சியிலிருந்து விலகினார். ஊதியத்தில் ஒரு பகுதியைப் பொதுப்பணிக்கெனக் காந்தியடிகளுக்கு அனுப்பிவந்தார்.

அப்பேரவையின் வலிமை மிகச் சிறிது. அரசு பேரவைக்குப் பொறுப்புடையதன்று. பேரவை மறுத்ததையும் வைசிராய் தம் சான்றளிப்பால் சட்டமாக்க முடியும். எனினும், ஒரு முன்வடிவு சட்டமாவதற்குப் பல படிகளைக் கடக்க வேண்டியிருந்தது. அறிமுகம் செய்தல், தேர்வுக்குழுவுக்கு அனுப்புதல், குழு திருத்தித் தந்த வடிவத்தை ஆய்வுக்கு எடுத்தல், பிரிவு பிரிவாக விவாதித்தல், இறுதியாக வாக்கெடுத்தல் என்பன அப்படிகள். அவ்வொவ்வொன்றிலும் அரசு காரணம் சொல்லியே ஆக வேண்டும். ஆட்சியை மாற்ற இயலாத ஓர் அவைக்கு இந்த நடைமுறையே அரண் என்பதை விட்டல்பாய் உணர்ந்திருந்தார்.

1928இல் பொதுப் பாதுகாப்புச் சட்ட முன்வடிவு வந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த பொதுவுடைமையாளர்களை விசாரணையின்றி வெளியேற்ற அது வழிசெய்தது. வாக்கெடுப்பில் இரு தரப்புக்கும் 61 வாக்குகள். தலைவர் தம் முடிவு வாக்கை எதிராக அளித்தார். இத்தகைய அசாதாரணச் சட்டத்தை விரும்புவோர் பெரும்பான்மையைத் தாமே திரட்ட வேண்டும். தலைவரின் வாக்கால் அதைப் பெறக்கூடாது என்பது அவர் கருத்து.

அரசு ஓயவில்லை. 1929இல் அம்முன்வடிவு மீண்டும் வந்து, தேர்வுக்குழுவையும் கடந்தது. இதற்கிடையே மார்ச் 20ஆம் நாள் தொழிற்சங்கத் தலைவர்கள் முப்பதுக்கும் மேற்பட்டோர் கைதாகி, மீரட் சதிவழக்குத் தொடங்கியது. முன்வடிவுக்கு அரசு கூறிய காரணங்களும் அவ்வழக்கின் குற்றச்சாட்டுகளும் ஏறத்தாழ ஒன்றே. நீதிமன்ற விசாரணையில் உள்ளதை அவை விவாதிக்கலாகாது என்பது விதி. விவாதிக்காமல் சட்டத்தை நிறைவேற்றுவதோ முறையன்று. எனவே வழக்கை விலக்கிக்கொள்ளுங்கள், அல்லது முன்வடிவை ஒத்திவையுங்கள் என்று அரசுக்கு இரு வழிகளைக் காட்டினார். இரண்டையும் அரசு மறுத்தது. தடுக்கும் அதிகாரம் தலைவருக்கு இல்லை என்றும் வாதிட்டது. குண்டுவெடிப்பால் தள்ளிப்போன தீர்ப்பு ஏப்ரல் 11ஆம் நாள் வெளிவந்தது. முன்வடிவை ஆய்வுக்கு எடுக்கும் முன்மொழிவு விதிக்குப் புறம்பானது என அவர் தள்ளினார்.

விதியை ஆயுதமாக்கி அரசியல் நடத்தினார் என்று அவரைக் குறைகூறியோர் உண்டு. அவர் மனம் எத்தரப்பில் இருந்தது என்பது எவரும் அறிந்ததே. விதியின் எல்லைவரை சென்றார் என்பதும் உண்மை. ஆயினும் அவர் காட்டிய காரணம் வேறு எந்த அரசின் முன்வடிவுக்கும் பொருந்தக்கூடியது. மறுநாளே வைசிராய் இர்வின் பிரபு இரு அவைகளையும் கூட்டி, இத்தகைய தடை இனி நேராதவாறு விதிகள் திருத்தப்படும் என அறிவித்தார். அடுத்த நாள் அவசரச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. முன்வடிவின் நோக்கம் நிறைவேறியது. ஆனால் அது மக்கள் அவையின் இசைவைப் பெற்ற சட்டமாக அன்று, வைசிராயின் ஆணையாகவே நின்றது.

ஆரவாரமின்றி அவர் முடித்த மற்றொரு பணியும் உண்டு. பேரவையின் செயலாளரும் அலுவலர்களும் அதுவரை அரசின் சட்டத்துறைக்குக் கீழ்ப்பட்டிருந்தனர். முன்வடிவைக் கொணரும் அரசின் ஊழியரே, அதனை ஆராயும் அவைக்கு அறிவுரை கூறும் நிலை! பேரவைக்கெனத் தனி அலுவலகம் வேண்டும் என விட்டல்பாய் விடாது வற்புறுத்தினார். 1928 செப்டம்பரில் மோதிலால் நேரு கொணர்ந்த தீர்மானம் ஒருமனதாக நிறைவேற, 1929 சனவரி 10ஆம் நாள் பேரவையின் தனித்துறை செயற்படத் தொடங்கியது.

1930 ஏப்ரலில், உப்புப் போராட்டம் நாடெங்கும் பரவிய வேளையில், விட்டல்பாய் தலைவர் பதவியைத் துறந்தார். சிறை அவர் உடலை நலிவித்தது. மருத்துவத்திற்காக ஐரோப்பா சென்றவர், 1933 அக்டோபர் 22ஆம் நாள் ஜெனீவாவுக்கு அருகில் மறைந்தார். அவர் அமர்ந்திருந்த இருக்கையில் அப்போது இருந்தவர் கோவையின் ஆர். கே. சண்முகம். நாடு விடுதலை பெற்று 1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டம், நாடாளுமன்றத்தின் ஒவ்வோர் அவைக்கும் தனிச் செயலகம் இருக்க வேண்டும் என 98ஆம் பிரிவில் எழுதிக்கொண்டது.