உமறுப் புலவரும் அவரைத் தாங்கியவர்களும்

சீறாப்புராணம் என்னும் பெயரைக் கேளாத தமிழ் முஸ்லிம் இரார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் சரித்திரத்தை 5,027 பாக்களில் பாடி, விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என மூன்று காண்டங்களாக வகுத்துத் தந்தவர் உமறுப் புலவர். அவரை நாம் மகாகவி என்று கொண்டாடுகிறோம். அது தக்கதே. ஆயினும் அவ்வளவு பெரிய வேலையை அவர் ஒண்டியாகச் செய்துவிடவில்லை. அவரைத் தாங்கி நின்ற கைகள் பல. அவற்றில் சில கிதாபு பிடித்த கைகள். சில நம்மைப் போலத் தராசு பிடித்த கைகள். ஆகையால் வியாபாரிகளாகிய நாம் இந்தச் சரித்திரத்தை அறிந்திருத்தல் அவசியமென்று கருதி, நாம் படித்தும் கேட்டும் அறிந்த மட்டில் இங்கு எழுதுகிறோம்.

புலவர் பிறந்தது 1642-இல் என்பர். அவர் தந்தையார் வாசனைச் சரக்கு வியாபாரி. ஊர் ஊராகச் சென்று விற்று, கடைசியில் எட்டயபுரத்தில் குடியேறியவர். அக்காலத்து வியாபாரி தன் மகனைக் கடையில் உட்கார வைப்பதே வழக்கம். இவரோ மகனைத் தமிழ் படிக்க விட்டார். கற்பித்தவர் எட்டயபுரம் அரண்மனைப் புலவரான கடிகைமுத்துப் புலவர். குருவோ இந்து சமயத்தவர். சீடரோ அத்தர் வியாபாரியின் மகன். அந்தப் பெரியவர் அதைப் பொருட்படுத்தாமல் தாம் கற்றதையெல்லாம் பிள்ளைக்கு ஊட்டினார். வடக்கேயிருந்து வாலை வாருதி என்னும் வித்துவான் வாதுக்கு வந்தபோது, பதினாறு வயதே ஆன உமறு குருவின் சார்பில் நின்று அவரை வென்றார் என்று ஒரு கதை வழங்குகிறது. பிறகு குருவுக்குப் பின் அவரே அரண்மனைப் புலவரானார். வாது வென்ற புகழை எல்லாரும் சொல்கிறார்கள். மகனைக் கல்லாவில் உட்கார வைக்காமல் விட்ட தகப்பனாரைப் பற்றி யாரும் நின்று பேசக் காணோம்.

நிற்க. கீழக்கரையில் அந்நாளில் செய்கு அப்துல் காதிர் மரைக்காயர் என்னும் பெருவணிகர் இருந்தார். செத்தும் கொடுத்த சீதக்காதி என்று நாம் சொல்வது அவரைத்தான். சேதுபதி மன்னருக்கு உற்ற நண்பர்; கப்பல் வியாபாரி; புலவர்களுக்கு வாரிக் கொடுத்தவர். இராமர் கதைக்குத் தமிழில் கம்பர் காவியம் இருக்கிறதே, நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு அப்படி ஒன்று இல்லையே என்று அவருக்குக் குறை. உமறுப் புலவரை அழைத்து, வேண்டிய பொருள் தருகிறேன், பாடுங்கள் என்றார்.

பொருள் கிடைத்தது, சரக்கு கிடைக்கவில்லை. நாயகத்தின் வரலாறு அரபுக் கிதாபுகளில் இருந்தது. புலவருக்குத் தமிழ் கடல் போல் தெரியும். அரபு அப்படித் தெரியாது. ஆகவே வரலாற்றைக் கேட்டுத் தெளிய, கீழக்கரையில் வாழ்ந்த மாமேதை சதக்கத்துல்லா அப்பா (ரஹ்) அவர்களிடம் சென்றார். அப்பா அவர்கள் காயல்பட்டினத்தில் பிறந்தவர். வித்ரிய்யாவுக்குத் தக்மீஸ் பாடிய பெரியார். வந்தவரை ஏறிட்டுப் பார்த்தார்களாம். அரண்மனைப் புலவருக்குரிய உடையும் அணியும். இந்தக் கோலத்தில் இருப்பவரிடமா ரசூலுல்லாஹ்வின் சரித்திரத்தை ஒப்படைப்பது என்று மறுத்துவிட்டார்கள்.

அந்த மறுப்பு புலவரை மிகவும் வாட்டியது. அவர் கோபித்துக்கொண்டு எட்டயபுரத்துக்கு வண்டி கட்டவில்லை. நாயகத்தை நினைத்து உருகி முதுமொழிமாலை என்னும் பாக்களைப் பாடினார் என்பர். அன்றிரவு நபிகள் (ஸல்) அவர்கள் புலவரின் கனவிலும் அப்பா அவர்களின் கனவிலும் தோன்றினார்கள் என்றும், மறுநாள் அப்பா அவர்கள் புலவரை அன்போடு வரவேற்றார்கள் என்றும் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். கனவின் உண்மை அல்லாஹ்வுக்கே வெளிச்சம். அப்பா அவர்களின் மனம் இளகியது என்பது மட்டும் நமக்குத் தெளிவு. புலவர் தம் நூலின் கடவுள் வாழ்த்திலேயே, நபிமார், கலீபாக்கள், இமாம்கள் முதலான பெரியோர்களை வாழ்த்தும் வரிசையில் அப்பா அவர்களையும் வைத்துப் பாடியிருக்கிறார். வாசலில் நிறுத்தியவருக்கே நூலின் வாசலில் இடம் கொடுத்தார். இந்தக் குணத்துக்காகவே அவரை எத்தனை தரம் வேண்டுமானாலும் பாராட்டலாம்.

அப்பா அவர்கள் காட்டிய வழியில் புலவர் பரங்கிப்பேட்டைக்குப் போய், அங்கிருந்த லெப்பை அலி ஹாஜியார் என்னும் ஆலிமிடம் வரலாறுகளைக் கேட்டறிந்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. ஹாஜியார் அரபில் உள்ளதை எடுத்துச் சொல்ல, புலவர் அதைத் தமிழ்ப் பாட்டாக்கினார். சொல்பவருக்கும் பொறுமை வேண்டும், கேட்பவருக்கும் பொறுமை வேண்டும். ஒரு போர் நடந்த விதத்தைக் கேட்டு, பெயர்களைப் பிழையில்லாமல் பிடித்து, சீர் கெடாமல் பாட்டில் அடக்குவது எத்தனை நாள் வேலை என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். அவையடக்கத்தில் புலவர் தம்மை, சூறாவளிக்கு எதிரே மூச்சுவிடும் சிற்றெறும்பாகச் சொல்லிக்கொள்கிறார். வேலையின் பாரம் தெரிந்தவர் பேச்சு அது.

இந்த நிலையில் சீதக்காதி வள்ளல் மௌத்தாகி விட்டார் என்று சரித்திரம் சொல்வோர் கூறுகின்றனர். காவியமோ பாதியில் நிற்கிறது. அதன் பொருள் என்னவென்று வியாபாரிகளுக்கு விளக்க வேண்டியதில்லை. முதல் போட்டவர் போய்விட்டால் எத்தனை கடைகள் பூட்டிக் கிடந்ததை நாம் பார்த்திருக்கிறோம்! ஏட்டுக் கட்டை மூடி வைத்துவிட்டு அரண்மனைப் பாட்டுகளோடு புலவர் திருப்திப்பட்டிருந்தால் அவரை யார் குறை சொல்லியிருப்பார்?

அப்போது கை கொடுத்தவர் பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயர். அவரும் வணிகரே. வெள்ளாறு கடலில் கலக்கும் அந்தத் துறையிலிருந்து அந்த நூற்றாண்டில் அச்சே, கெடா முதலிய இந்தப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் நம்மவர் கப்பல் ஓடியது. மற்றொருவர் தொடங்கிய தருமம், பெயர் அவருக்கே போகும் என்று மரைக்காயர் ஒதுங்கியிருக்கலாம். ஒதுங்கவில்லை. புலவரை ஆதரித்து, மேலும் பாடச் செய்து, தம் ஊரிலேயே அரங்கேற்றமும் செய்வித்தார்.

புலவர் இதை எப்படி நினைத்தார் என்பதற்கு நூலே சாட்சி. காண்டங்களின் இடையிடையே, நாயகத்தின் வரலாறு போய்க்கொண்டிருக்கும்போதே, ஓர் உவமையிலோ வருணனையிலோ அபுல்காசிமின் பெயர் வந்து நிற்கும். பெய்யும் மழையைப் பாடும்போது அவர் கொடை நினைவுக்கு வருகிறது. கம்பர் சடையப்பரை நினைத்தது போலவே இவரும் நினைத்தார். ஆனால் சடையப்பர் பெயரும் சீதக்காதி பெயரும் நம் ஜனங்கள் வாயில் புழங்குகின்றன. அபுல்காசிம் பெயரைக் கேட்டால் விழிப்பவர்களே அதிகம். தொடங்கி வைத்தவருக்குக் கிடைக்கும் பெயர் நடுவில் தூக்கி நிறுத்தியவருக்குக் கிடைப்பதில்லை. எந்தக் கட்டிடக் கமிட்டியிலும் இது நடப்பதுதான். அடிக்கல்லில் பெயர் பொறித்த பிறகு ஓட்டுக்குப் பணம் தந்தவரைத் தேடுவார் யார்?

அவ்வளவு ஆதரவு இருந்தும் நாயகத்தின் சரித்திரம் முழுவதையும் பாடி முடிக்கப் புலவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 92 படலங்கள் பாடினார். கடைசிப் படலம் உறனிக் கூட்டத்தாரைப் பற்றியது. அது ஹிஜ்ரி ஆறாம் ஆண்டுச் செய்தி. மக்கா வெற்றியும் நாயகத்தின் கடைசி ஹஜ்ஜும் வபாத்தும் அதில் இல்லை. 1703-இல் எட்டயபுரத்தில் புலவர் காலமானார் என்பர். அவர் அடக்கம் அங்கேதான் இருக்கிறது. விட்டுப்போன பகுதியைப் பின்னர் பனி அகமது மரைக்காயர் பாடினார். அதற்குச் சின்னச் சீறா என்று பெயர். அவர் பெயரிலும் மரைக்காயர் என்று இருப்பதை வாசகர்கள் கவனிக்கலாம்.

அதன் பிறகு ஒரு நூற்றாண்டுக்கு மேல் சீறா ஓலையிலேயே இருந்தது. பிரதி எடுப்போர் கை தவறியதும், பூச்சி அரித்ததும் போக எஞ்சிய ஏடுகளைத் தேடி, ஒத்துப் பார்த்து, 1842-இல் முதன்முதலாக அச்சுப் புத்தகமாக வெளியிட்டவர் காயல்பட்டினத்தைச் சேர்ந்த செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் புலவர். முதலில் பாடச் சொன்ன கீழக்கரை வள்ளலின் பெயரும் செய்கு அப்துல் காதிர் தான்.