இஸ்மத் இனோனு

கமால் பாட்சாவின் பெயரை நமது சங்கத்து நேயர் பலரும் அறிவர். அவருக்கு வலக்கை போன்றிருந்து, அவருக்குப் பின் துருக்கி தேசத்தை ஆண்ட இஸ்மத் இனோனுவை அறிந்தவர் சிலரே. அவர் வென்ற போர்களினும் தோற்ற தேர்தலொன்றே நம் கருத்தைக் கவர்வதாதலின், அதனையே ஈண்டு விரித்தெழுதப் புகுந்தோம்.

1884-ல் இஸ்மிர் நகரிற் பிறந்த இஸ்மத், சேனையில் வளர்ந்தவர். 1921-ல் இனோனு என்னுமிடத்தில் கிரேக்கப் படையைத் தடுத்த புகழால் அவ்வூர்ப் பெயரே பின்னர் அவர்தம் குடும்பப் பெயராயிற்று. நெடுநாள் பிரதம மந்திரியாயிருந்து, 1938-ல் கமால் பாட்சா மறைந்த மறுநாள் ஜனாதிபதியானார்.

1923 முதல் குடியரசு மக்கள் கட்சி ஒன்றே ஆட்சி செலுத்தி வந்தது. இரண்டாம் உலகயுத்தத்தின் அழிவினின்று இனோனு தேசத்தைக் காத்தார். ஆயினும் விளைபொருள் வரியும் விலையேற்றமும் காவற்படையினரின் கடுமையும் குடியானவரை வாட்டின. 1942-ல் விதித்த சொத்துவரி முஸ்லிமல்லாத வணிகர்மீது அநீதியாகப் பாய்ந்தது. அப்பழியினின்று அவரை நாம் விடுவிக்க இயலாது. 1945-ல் வந்த நிலச் சட்டமோ கட்சிக்குள்ளிருந்த நிலக்கிழாரையே பகைத்துக்கொண்டது. ஜெலால் பயார், அத்னான் மெந்தெரெஸ் முதலிய நால்வர் பிரிந்து 1946-ல் ஜனநாயகக் கட்சியைக் கண்டனர்.

ரஷ்யாவின் அச்சுறுத்தலும், மேனாட்டாரின் நட்பை நாடிய நிலைமையும் ஒருபுறமிருக்க, புதுக்கட்சியை நசுக்கும் வலிமை இனோனுவுக்கு இருந்தது, அவர் நசுக்கவில்லை. அவ்வாண்டுத் தேர்தல் மட்டும் நேர்மையாக நடந்ததெனல் பொருந்தாது. பலரறிய வோட்டளித்து, மறைவில் எண்ணினார்கள்! எண்ணுவோர் எவரோ அவரே வென்றார். 1950-ல் இயற்றிய சட்டம் இம்முறையைத் தலைகீழாக மாற்றிற்று: வோட்டு இரகசியம், எண்ணுதல் வெளிப்படை, மேற்பார்வை நீதிபதிகளுடையது.

ஒன்றை மட்டும் ஆளுங்கட்சியார் மாற்றாது விட்டனர். ஒரு மாகாணத்தில் மிகுதியான வோட்டுப் பெற்ற கட்சிக்கே அம்மாகாணத்து ஸ்தானங்கள் யாவும் உரியவை என்பது அவ்விதி. தமக்கே என்றும் மிகுதி என்று எண்ணியிருந்தார் போலும். 1950 மே 14-ல் நூற்றுக்குச் சுமார் 40 வோட்டுப் பெற்றும், 487 ஸ்தானங்களில் 70 கூட அவர்கள் கைக்கு எட்டவில்லை.

இனோனு தேர்தல் முடிவை ஏற்று ஜனாதிபதி மாளிகையை விட்டிறங்கி, பத்தாண்டுகள் எதிர்க்கட்சித் தலைவராக அமர்ந்தார். 1960-ல் சேனை ஆட்சியைக் கவர்ந்து மெந்தெரெஸுக்கு மரணதண்டனை விதிக்கச் செய்தபோது, தம்மை வீழ்த்திய அவருயிரைக் காக்க இனோனு மன்றாடினார், பயனில்லை. 1961-ல் மீண்டும் பிரதம மந்திரியாகி, 1965 வரை இருந்தார். 1972-ல் தம் கட்சியின் தலைமையையும் இளைஞரான எஜெவித்திடம் இழந்து விலகினார். அடுத்த ஆண்டு டிசம்பரில், 89-ஆம் வயதில், காலஞ்சென்றார்.