பண்பலை தந்த பொறியியலாளர் ஆர்ம்ஸ்ட்ராங்

கண்டுபிடிப்பாளர்கள் என்றதும் நம் நினைவுக்கு உடனே வருபவர்கள் எடிசன், கிரகாம் பெல், மார்க்கோனி ஆகியோர்தாம். தமிழ்ப்பள்ளியில் புதிர்ப்போட்டிக்காக நான் மனனம் செய்த பட்டியலிலும் இவர்களே இருந்தனர். ஆர்ம்ஸ்ட்ராங் என்றால் நிலவில் கால் பதித்தவர் என்பது மட்டுமே அன்று தெரியும். பல்கலைக்கழகத்தில் மின்னணுப் பொறியியல் பயிலத் தொடங்கிய பிறகுதான் இன்னோர் ஆர்ம்ஸ்ட்ராங்கை அறிந்தேன். மின்னல் பண்பலையில் இரைச்சலின்றிப் பாடல் கேட்கிறோமே, அந்தப் பண்பலை முறையை உலகுக்குத் தந்தவர் அவர். அவருடைய வாழ்க்கையைப் படிக்கப் படிக்க ஒரு கேள்வி என்னை விடாமல் பற்றிக்கொண்டது. கையில் காப்புரிமை இருந்தும் அதன் பலன் ஏன் அவரை முழுமையாகச் சேரவில்லை? இக்கட்டுரை அக்கேள்விக்கு நான் தேடிய விடையாகும்.

எட்வின் ஹோவர்ட் ஆர்ம்ஸ்ட்ராங் 1890-ஆம் ஆண்டு டிசம்பர் 18-ஆம் நாள் நியூயார்க் நகரில் பிறந்தார். தந்தையார் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகத்தின் அமெரிக்கக் கிளையில் பணியாற்றினார். தாயார் ஆசிரியையாக இருந்தவர். சிறு வயதில் கண்ட நோயினால் ஈராண்டுகள் பள்ளிக்குச் செல்ல இயலாமல் வீட்டிலேயே இருந்தார். தனிமையில் வளர்ந்த அவருக்கு இயந்திரங்களே தோழர்களாயின. யோங்கர்ஸ் நகர வீட்டின் மேல்மாடத்தில் கம்பியில்லாத் தந்திக் கருவிகளைச் செய்தார். வீட்டு வளாகத்தில் 100 அடிக்கும் மேல் உயர்ந்த அலைவாங்கிக் கம்பம் ஒன்றையும் எழுப்பி, அதன் உச்சிவரை அச்சமின்றி ஏறினார்.

பின்னர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் படித்தார். நம்மைப் போல் பட்டப்படிப்பு மாணவராக இருந்த காலத்திலேயே, 1912-இல், தம் முதல் பெருங்கண்டுபிடிப்பை நிகழ்த்தினார். லீ டி ஃபாரஸ்ட் உருவாக்கிய ஆடியான் எனும் வெற்றிடக் குழாய் அப்போது புழக்கத்தில் இருந்தது. ஆனால், அது எவ்வாறு இயங்குகிறது என்பதைத் தெளிவாக அறிந்தவர் எவருமிலர். ஆர்ம்ஸ்ட்ராங் அதைப் பொறுமையுடன் ஆராய்ந்தார். குழாயிலிருந்து வெளிவரும் சமிக்ஞையின் ஒரு பகுதியை மீண்டும் அதன் வாயிலுக்கே அனுப்பினார். அது மீண்டும் மீண்டும் பெருகி, முன்பு காதில் விழாத தொலைதூர நிலையங்களும் உரக்கக் கேட்டன. அளவு மீறிச் செலுத்தினால் அக்குழாயே அலைகளை உண்டாக்கியது. ஆக, ஒரே சுற்று வாங்கியாகவும் பரப்பியாகவும் பயன்பட்டது.

இதற்குக் காப்புரிமை பெறப் பணம் தேவைப்பட்டது. பட்டம் பெறும்வரை பணம் தர முடியாது எனத் தந்தையார் மறுத்துவிட்டார். தாம் ஓட்டிய மோட்டார் சைக்கிளை விற்றும் பணம் போதவில்லை. உறவினர் ஒருவரின் அறிவுரைப்படி, 1913 ஜனவரி 31-ஆம் நாள் சட்டச் சான்றாளர் முன்னிலையில் தம் சுற்று வரைபடத்திற்குத் தேதியிட்டு முத்திரை பெற்றார். அவ்வாண்டு அக்டோபரில் விண்ணப்பித்து, 1914 அக்டோபரில் காப்புரிமை பெற்றார்.

முதல் உலகப் போரின்போது பாரிஸ் நகரில் அமெரிக்கப் படையின் சமிக்ஞைப் பிரிவில் அதிகாரியாகப் பணியாற்றினார். 1918-இல் அங்குதான் சூப்பர்ஹெட்ரோடைன் எனும் முறையை உருவாக்கினார். வரும் அலையின் அதிர்வெண் எதுவாயினும், அதை ஒரு நிலையான இடைநிலை அதிர்வெண்ணுக்கு மாற்றிப் பின்னர் பெருக்குவதே அதன் நுட்பம். வானொலிப் பெட்டிகளுக்கு இம்முறையே அடித்தளமாயிற்று. 1920-இல் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் இவ்விரு காப்புரிமைகளையும் 335,000 டாலருக்கு வாங்கியது. அடுத்த கண்டுபிடிப்பை ஆர்.சி.ஏ. நிறுவனம் பணமும் பங்குகளும் கொடுத்து வாங்கியது. அவர் செல்வந்தரானார். 1923-இல், ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் டேவிட் சர்னாஃபிடம் செயலாளராக இருந்த மேரியனை மணந்தார். எனவே, இது ஏழைக் கண்டுபிடிப்பாளர் ஒருவரின் கதையன்று. காப்புரிமையால் வளம் பெற்று, அந்த வளத்தைக் காப்புரிமைக்காகவே இழந்த ஒருவரின் கதை.

முதல் அடி டி ஃபாரஸ்டிடமிருந்து வந்தது. பின்னூட்டச் சுற்றைத் தாமே முதலில் கண்டதாக அவர் உரிமை கோரினார். வழக்கு நீதிமன்றம் நீதிமன்றமாகப் பல ஆண்டுகள் நடந்தது. தொடக்கத்தில் ஆர்ம்ஸ்ட்ராங் வென்றார். ஆனால், 1934-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் டி ஃபாரஸ்டுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பொறியியலாளர்கள் பலர் இத்தீர்ப்பை ஏற்கவில்லை. வானொலிப் பொறியியலாளர் கழகம் முன்பு தமக்கு வழங்கிய பதக்கத்தை ஆர்ம்ஸ்ட்ராங் திருப்பிக் கொடுக்கச் சென்றபோது, கழகம் அதை வாங்க மறுத்தது. கூடியிருந்தோர் எழுந்து நின்று கைதட்டி அவரைப் பெருமைப்படுத்தினர். நீதிமன்றம் தராததைச் சக பொறியியலாளர்கள் தந்தனர்.

அதற்குள் அவர் இன்னும் பெரிய பணியில் இறங்கியிருந்தார். அக்கால வானொலியில் ஒலிக்கேற்ப அலையின் உயரம் மாறும். இடியும் மின்னலும் மோட்டார்ப் பொறிகளும் அந்த உயரத்தைத்தான் குலைக்கின்றன. ஆகவே, இரைச்சலும் பாட்டோடு சேர்ந்து வந்தது. உயரத்தை விட்டுவிட்டு, அலையின் அதிர்வெண்ணை மாற்றினால் என்ன? கணித வல்லுநர் ஜான் கார்சன் 1922-இலேயே இதை ஆராய்ந்து, பயனில்லை என்று முடிவு கூறியிருந்தார். அவர் கருத்தில் கொண்டது குறுகிய அலைப்பட்டை. ஆர்ம்ஸ்ட்ராங்கோ பட்டையை மிக அகலமாக்கினார். இரைச்சல் அடங்கியது. 1933 டிசம்பர் 26-ஆம் நாள் பண்பலைக்கான காப்புரிமைகள் அவருக்குக் கிடைத்தன. 1935 நவம்பரில் நியூயார்க்கில் பொறியியலாளர் முன்னிலையில் அதைச் செய்து காட்டினார். தொலைவிலிருந்து குவளையில் நீர் ஊற்றும் ஓசையும், காகிதம் கசங்கும் ஓசையும்கூடத் தெளிவாகக் கேட்டன.

இங்கேதான் என் கேள்விக்கு விடை தொடங்குகிறது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி காப்புரிமையின் ஆயுள் 17 ஆண்டுகள். அதாவது 1950 டிசம்பரோடு முடிந்துவிடும். எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் இடத்தில் சோதனைகள் நடத்தி வந்தார். 1935-இல், தொலைக்காட்சிச் சோதனைக்கு இடம் தேவையெனக் கூறி அந்நிறுவனம் அவருடைய கருவிகளை அகற்றச் சொன்னது. அவர் தம் சொந்தப் பணத்தில் நியூ ஜெர்சியின் அல்பைன் நகரில் 400 அடிக்கும் மேற்பட்ட கோபுரம் எழுப்பிச் சொந்த நிலையம் நடத்தினார். பின்னர் போர் வந்தது. நாட்டின் படைகள் தம் காப்புரிமைகளைக் கட்டணமின்றிப் பயன்படுத்த அனுமதித்தார். போர் முடியும் தறுவாயில், 1945-இல், அரசின் தகவல் தொடர்பு ஆணையம் பண்பலையை வேறு அலைவரிசைக்கு மாற்றியது. மக்கள் வாங்கியிருந்த பெட்டிகள் பயனற்றுப் போயின. நிலையங்கள் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. இவ்வாறு 17-இல் 12 ஆண்டுகள் கரைந்தன.

1940-இல் ஆர்.சி.ஏ. நிறுவனம் அவருக்கு ஒரு மில்லியன் டாலர் தர முன்வந்தது. ஒரே தொகை, அதன்பின் விற்பனையில் பங்கு கிடையாது. அவர் மறுத்தார். இதைப் பிடிவாதம் என்று கூறுவோர் உண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. மற்ற நிறுவனங்கள் விற்பனையில் ஒரு பங்கை அவருக்கு முறையாகச் செலுத்தி வந்தன. அனைவரினும் பெரிய நிறுவனத்திற்கு மட்டும் தனிச் சலுகை தந்தால், நேர்மையாகச் செலுத்தியவர்களுக்கு அது துரோகமாகாதா? அந்நிறுவனம் பின்னர் அவர் உரிமம் இல்லாமலேயே தன் தொலைக்காட்சிப் பெட்டிகளின் ஒலிக்குப் பண்பலையைப் பயன்படுத்தியது. 1948-இல் அவர் வழக்குத் தொடுத்தார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர்களின் கேள்விகள் ஆண்டுக்கணக்கில் நீண்டன. காப்புரிமைகள் காலாவதியாயின. செல்வம் கரைந்தது. உடல் தளர்ந்தது. 1953-இன் இறுதியில் மனக்கசப்பால் மனைவியும் தம் சகோதரி வீட்டுக்குச் சென்றுவிட்டார். 1954 ஜனவரி 31-ஆம் நாள் இரவு ஆர்ம்ஸ்ட்ராங் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 63. தம் முதல் வரைபடத்திற்கு முத்திரை பெற்ற அதே தேதி. 41 ஆண்டுகள் கடந்திருந்தன.

மேரியன் அம்மையார் வழக்கைக் கைவிடவில்லை. அவ்வாண்டின் இறுதியிலேயே ஆர்.சி.ஏ. ஒரு மில்லியன் டாலருக்குச் சற்று மேல் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. ஏனைய நிறுவனங்களோடும் ஒவ்வொன்றாகப் போராடினார். மோட்டோரோலாவுக்கு எதிரான கடைசி வழக்கும் 1967-இல் அவருக்குச் சாதகமாக முடிந்தது. உரிமை கணவருடையதே என்பது ஐயத்திற்கிடமின்றி நிலைநாட்டப்பட்டது. கேட்டு மகிழ வேண்டியவர் மட்டும் இல்லை.

வல்லவன் வகுத்ததே வாய்க்கால் என்பார்கள். ஆர்ம்ஸ்ட்ராங்கின் வாழ்வில் வல்லவன் கையில் இருந்த ஆயுதம் பொய் மட்டுமன்று, தாமதமும்தான். காப்புரிமை ஒருவருக்குத் தருவது வழக்காடும் உரிமையையே. வழக்காடும் காலத்தையும் பணத்தையும் மனவலிமையையும் அது தருவதில்லை. நிறுவனத்திற்கு வழக்கறிஞர்கள் மாறுவார்கள், தலைவர்கள் மாறுவார்கள். தனிமனிதனுக்கு இருப்பதோ ஒரே ஆயுள்.

மலேசியாவில் இன்று காப்புரிமையின் காலம் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள். நம் மாணவர்களில் பலர் இறுதியாண்டுத் திட்டப்பணியில் புதியனவற்றைப் படைக்கிறார்கள். அவர்களுக்கு நான் கூற விரும்புவது இதுதான். செய்ததைக் குறிப்பேட்டில் எழுதித் தேதியிட்டுச் சாட்சிக் கையொப்பம் பெறுங்கள். 22 வயதில் ஆர்ம்ஸ்ட்ராங் அதைச் செய்தார். உரிமைக்காகப் போராட நேர்ந்தால் போராடுங்கள். ஆனால், தனியாகப் போராடாதீர்கள். அன்று எழுந்து நின்று கைதட்டிய பொறியியலாளர்கள் அவருடைய நெடும்போரிலும் அவரோடு கடைசிவரை நின்றிருந்தால், 1967-இன் வெற்றிச் செய்தியை அவரே தம் காதால் கேட்டிருக்கக்கூடும்.