திலகவதியார்

திலகவதியார் சைவ சமயக் குரவர் நால்வருள் ஒருவரான திருநாவுக்கரசரின் தமக்கையார் ஆவார். கி.பி. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படுகிறார். இவரது வரலாறு சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தின் வழியே அறியப்படுகிறது.

பிறப்பும் இளமையும்

திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரில், வேளாளர் குலத்தில், புகழனாருக்கும் மாதினியாருக்கும் மகளாகப் பிறந்தார். இவ்வூர் தற்போது கடலூர் மாவட்டத்தில் உள்ளது. தம்பியின் இயற்பெயர் மருள்நீக்கியார்.

பன்னிரண்டாம் வயதில் கலிப்பகையார் என்னும் படைத்தலைவருக்கு மணம் பேசப்பட்டார். திருமணத்திற்கு முன்பே கலிப்பகையார் போருக்குச் சென்றார். இதற்கிடையில் தந்தை நோயுற்று இறந்தார். தாயும் கணவரைப் பிரிந்து வாழாது உயிர் நீத்தார். பின்னர் கலிப்பகையார் போரில் மாண்ட செய்தி வந்தது. அவரையே கணவராக எண்ணியிருந்த திலகவதியார் தாமும் இறக்கத் துணிந்தார். தமக்கை இறந்தால் தான் முன்னரே இறப்பதாகத் தம்பி அழுது வேண்டவே, அவர் பொருட்டு உயிர் தாங்கி, மணம் புரியாது தவ வாழ்வை மேற்கொண்டார்.

திருவதிகைத் தொண்டு

மருள்நீக்கியார் பாடலிபுத்திரம் எனப்பட்ட திருப்பாதிரிப்புலியூரில் (இன்றைய கடலூரின் ஒரு பகுதி) சமணப் பள்ளியில் சேர்ந்து தருமசேனர் என்னும் பெயர் பெற்றார். திலகவதியார் கெடில நதிக்கரையிலுள்ள திருவதிகை வீரட்டானத்தை அடைந்து, திருவலகிடுதல், மெழுகுதல், மலர் பறித்து மாலை தொடுத்தல் ஆகிய பணிகளைச் செய்துவந்தார். தம்பியை மீட்டருளுமாறு இறைவனை நாள்தோறும் வேண்டினார்.

தருமசேனரைச் சூலை நோய் வருத்தியது. சமணர்களின் மருத்துவமும் மந்திரமும் பயன் தரவில்லை. அவர் தமக்கையாரிடம் ஆளனுப்பினார். சமணப் பள்ளிக்கு வர இயலாது என அவர் மறுத்துவிடவே, தருமசேனர் இரவில் தாமே திருவதிகைக்கு வந்து அவரது திருவடிகளில் வீழ்ந்தார். திலகவதியார் ஐந்தெழுத்தை ஓதித் திருநீறு அளித்து, விடியுமுன் அவரைக் கோயிலுக்கு அழைத்துச் சென்றார். அங்கே தம்பி தம் முதற் பதிகத்தைப் பாட, நோய் நீங்கியது. நாவுக்கரசு என்னும் பெயரும் அங்கேயே கிடைத்தது.

சிறப்பு

அறுபத்து மூன்று நாயன்மார்களுள் காரைக்கால் அம்மையார், மங்கையர்க்கரசியார், இசைஞானியார் என மூவர் பெண்கள். திலகவதியார் அவ்வரிசையில் இடம்பெறவில்லை. அவர் பாடிய பாடல்களும் இல்லை. எனினும், 4, 5, 6ஆம் திருமுறைகளாகத் தொகுக்கப்பட்ட திருநாவுக்கரசரின் தேவாரம் இவர் உயிர்வாழ இசைந்ததனாலேயே தோன்றியது என்பது சேக்கிழார் கதையை அமைத்துள்ள முறையால் விளங்கும். தில்லை எனப்படும் சிதம்பரத்தின் ஆயிரங்கால் மண்டபத்தில் பெரியபுராணம் அரங்கேறியது என்பது மரபு. அந்நூல் திருநாவுக்கரசரின் வரலாற்றைத் தமக்கையாரின் துயரிலிருந்தும் துணிவிலிருந்துமே தொடங்குகிறது.